விருந்தாளிக்கு 'இல்லை' சொல்லக் கற்ற சுனில்தா

சுனில்தா பாராவோனாவுக்கு அறுபத்தோரு வயதில் வாய்த்த ஒரே எதிரி ஒரு விண்ணப்பப் படிவம். கணவனைக்கூட அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். அவன் ஒரே ஒரு பக்கம் கடிதம் எழுதி வைத்துவிட்டு எல்லை தாண்டி அர்ஜென்டினாவுக்குப் போனவன். படிவம் பதினோரு பக்கம்.

மீன் டப்பா ஆலையில் இருபத்தாறு வருடம் மீன் தலை வெட்டியவள் அவள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தலை என்று கேட்டால் இன்றைக்கும் பதில் சொல்வாள், கேட்டவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே. இரண்டு வருடத்துக்கு முன் ஆலை மூடப்பட்டது. சிலியில் ஆலை மூடினால் முதலாளிகள் வருத்தம் தெரிவிப்பார்கள். எங்களுக்கும் தெரிவித்தார்கள், நல்ல தடிமனான காகிதத்தில். அந்தக் காகிதம் அடுப்புப் பற்றவைக்க ரொம்ப உதவியாக இருந்தது.

ஏனென்றால் ஆலை மூடிய மூன்றாம் வாரமே நாங்கள் குடியிருக்கும் குன்றின் உச்சியில், தகரக் கூரைக்கு அடியில், பொதுப்பானை ஏறிவிட்டது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நூற்று எண்பது படி ஏறி வந்தால் அந்தக் கொட்டகை. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் எழுபது பேர் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். யார் என்ன கொண்டுவந்தாலும் பானைக்குள் போகும். முதல் நாள் மழையில் நெருப்பு நாலு முறை அணைந்தது. சுனில்தா ஐந்து முறை பற்றவைத்தாள். அன்றைக்கே அந்தப் பானைக்கு 'விடாப்பிடிக்காரி' என்று பெயர் விழுந்தது. பானைக்குத்தான் வைத்தோம் என்று குன்றில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

சென்ற மே மாதம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாதையான மனிதர், பெண்களை 'சேன்யோரா', அம்மா, என்றுதான் கூப்பிடுவார். ஒரு தட்டு பருப்பு சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் சொன்னார்.

"சேன்யோரா, விறகு அடுப்பு, மேல தகரம், புகை போக வழியில்ல. ஜூன் முப்பதுக்குள்ள கேஸ் அடுப்பும் புகைக்குழாயும் வெக்கணும். இல்லன்னா பூட்டி சீல் வெச்சிருவேன்."

"பருப்பு எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"அத எழுதுங்க முதல்ல."

அவர் எழுதவில்லை. தேதியைத்தான் எழுதினார். ஜூன் என்றால் எங்களுக்கு நடுக்குளிர். அப்போது பானை இறங்கினால் எழுபது பாத்திரம் காலி.

இந்த இடத்தில் நகராட்சியை யாரும் குறை சொல்லக் கூடாது. கஷ்டப்படும் அண்டை அயலாருக்கு உதவ அது ஒரு நிதியே வைத்திருந்தது. அது வருடம் முழுவதும் கைநீட்டிக் காத்திருந்தது. ஏழைகள்தான் எட்டு இணைப்புகளோடு வந்து சேரத் தவறினார்கள். ஏழ்மைக்கு ஒழுங்கு போதாது என்பது உலகறிந்த விஷயம்.

அந்த நிதிக்குப் படிவம் வாங்கும் நாலாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் தோன் அரிஸ்திதெஸ்; 'தோன்' என்பது எங்கள் ஊர் 'ஐயா'. முப்பத்தோரு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஏழைகளைப் பார்த்து வருபவர். சுனில்தாவின் படிவத்தை முதல் நாள் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முத்திரை இல்லையே, சேன்யோரா."

"கையெழுத்து இருக்கே, தோன் அரிஸ்திதெஸ்."

"கையெழுத்த யாரு வேணா போடலாம். முத்திரை இருந்தாத்தான் அமைப்பு இருக்குன்னு அர்த்தம்."

"தெனம் எழுபது பேரு சாப்பிடறாங்க. அமைப்பு இல்லன்னா யாரு சமைக்கறா? பேயா?"

"பேய்கிட்ட முத்திரை இருந்தா பேய்கிட்டயும் நான் வாங்கிக்குவேன்."

அடுத்த சனிக்கிழமை குன்றே சேர்ந்து சாஸேஜ் ரொட்டி சுட்டு விற்று முத்திரை செய்தது. வட்டமான ரப்பர் முத்திரை, நடுவில் பானைப் படம். முத்திரை கிடைத்த குஷியில் சுனில்தா அதைப் பதினோரு பக்கத்திலும் குத்தினாள். பிறகு மூன்று கடைகளின் விலைப்பட்டியல் வேண்டும் என்றார்கள். பெரிய அடுப்பு விற்கும் கடை எங்கள் ஊரில் இரண்டுதான். மூன்றாவதாக ஒரு சைக்கிள் கடைக்காரர், தான் அடுப்பு விற்பதில்லை என்றும், விற்றிருந்தால் இன்ன விலைக்கு விற்றிருப்பேன் என்றும் நேர்மையாக எழுதிக் கொடுத்தார். நகராட்சி அதைத் திருப்தியோடு ஏற்றுக்கொண்டது.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. சமூகநலத் துறையிலிருந்து ஒருவர் நேரில் வந்து, நாங்கள் நிஜமாகவே கஷ்டப்படுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும். ஜூன் மூன்று, புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. வருபவர் சேன்யோரித்தா யாஸ்னா.

குன்று கெட்டது அங்கேதான்.

எங்களிடம் கஷ்டத்தைக் காட்டு என்றால் காட்டத் தெரியும். ஆனால் விருந்தாளியை வைத்துக்கொண்டு காட்டத் தெரியாது. அதுவும் ஐந்து மணி என்றால் மாலைத் தேநீர் நேரம். அந்த நேரத்தில் வாசலுக்கு வந்தவரை வெறும் மேஜைக்கு முன் உட்கார வைத்த குடும்பம் எங்கள் குன்றில் ஒன்று உண்டு. நாற்பது வருடத்துக்கு முன்பு நடந்தது. இன்னும் அவர்கள் வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகைக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள். விறகை வேறு யார் வீட்டிலோ மறைத்தார்கள். புகைக் கறை பிடித்த சுவரில் எல்சிராவின் கல்யாண மேஜைத் துணி தொங்கியது. எல்சிரா, சுனில்தாவின் ஆலைத் தோழி. ஆறு பேருக்கு ஒரு முட்டையில் ஆம்லெட் போடுபவள். அவள் மூன்று விதக் கேக் செய்தாள், அதில் ஒன்று அடுக்கடுக்காகப் பால் இனிப்பு தடவியது. ஹாம் வந்தது, பாலாடைக்கட்டி வந்தது, அவகாடோ மசித்து வந்தது. இருபத்திரண்டு பீங்கான் கோப்பை மேஜையில் மினுங்கியது. தினமும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் அன்றைக்குத் தலைவாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, உபசரிப்பவர்களாக நின்றார்கள்.

"போதுமா வெசினா?" என்றாள் எல்சிரா. குன்றில் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சுனில்தா மேஜையைப் பார்த்தாள். அவளுக்கே கண் கலங்கியது. "பூ ஒண்ணுதான் குறையுது," என்றாள். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு நடந்த புத்திசாலித்தனம் எல்லாம் அவளுடையது என்று சொல்கிறார்கள், சரிதான். ஆனால் பூவும் அவளுடையதுதான்.

யாஸ்னா வந்தாள், மூச்சு வாங்க. இருபத்தெட்டு வயதிருக்கும். சாப்பிடு சாப்பிடு என்று சொல்லிச் சொல்லியே அவளை எதையும் கேட்க விடவில்லை. "கஷ்டம் எல்லாம் இருக்கு, அத விடுங்க, இந்தத் துண்டு உங்களுக்குன்னே வெட்டினது," என்றார்கள். ஏழு மணிக்கு அவள் கீழே இறங்கியபோது கையில் ஒரு பொட்டலம் கேக்கும் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. 'நெருக்கடிக்கான வெளிப்படையான அடையாளம் காணப்படவில்லை. புதிதாக வண்ணம் பூசிய கட்டடம். மேஜையில் மூன்று வகைக் கேக். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

சுனில்தா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு நாலாம் ஜன்னலுக்குப் போனாள்.

"மேல்முறையீட்டுக்கு அஞ்சு வேலை நாள்," என்றார் தோன் அரிஸ்திதெஸ். "புது ஆதாரம் வேணும். அதே ஆதாரத்தக் கொண்டாந்தா அதே பதில்தான்."

"பொதுப்பானைல சாப்பிடறவங்க வசதியானவங்கன்னு நெனைக்கிறீங்களா நீங்க?"

"நான் எதையும் நெனைக்கறதில்ல, சேன்யோரா. நெனைக்க ஆரம்பிச்சா இந்த நாற்காலில முப்பத்தோரு வருசம் உக்கார முடியுமா?"

அன்று சாயங்காலம் கொட்டகையில் கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அடுத்த தடவை சுவரில் மேஜைத் துணி வேண்டாம் என்றாள் ஒருத்தி. நீலப் பெயின்ட் மேல் கரி பூசலாம் என்றாள் இன்னொருத்தி. எலும்பு தெரியும் நாய் ஒன்று வாசலில் படுத்திருந்தால் நல்லது என்று எல்சிரா சொன்னாள்.

"எங்க போவ நாய்க்கு? நம்ம நாயெல்லாம் பானை சுரண்டித் தின்னு பன்னி மாதிரி இருக்கு."

"நான் நொண்டறேன்," என்றார் தோன் வில்லிபால்தோ. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர்.

"நீ ஏற்கனவே நொண்டறியே."

"இன்னும் கொஞ்சம் சேத்து நொண்டறேன்."

சுனில்தா மேஜையைத் தட்டினாள். "போதும். நாம ஏழைங்க. ஏழை வேஷம் எதுக்கு? வேஷம் போட்டா இருக்கற ஏழ்மையும் பொய்யாப் போயிரும். எனக்கு அடுப்பு வேணும். பிச்சை எடுக்கற நாடகம் வேணாம்."

"அப்ப என்னதான் வழி?"

"தெரியல. நாளைக்குச் சொல்றேன். மொதல்ல இந்தக் கோப்பையெல்லாம் அவங்கவங்க வீட்டுல சேக்கணும். ஒரு வாரமா என் வீட்டுல கிடக்கு."

மறுநாள் காலை பெட்டியில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு படிப்படியாக ஏறி இறங்கினாள். முதல் வீட்டில் கிழவர் ஒருவர் கதவைத் திறந்து, கோப்பையை வாங்கி, பார்த்துவிட்டு முத்தமிட்டார். இரண்டாவது வீட்டில் நிதியா என்ற விதவை சொன்னாள்: "நல்லவேளை கொண்டாந்தீங்க வெசினா. ஒரு வாரமா ஜாம் பாட்டில்ல டீ குடிச்சு உதடே வெந்து போச்சு."

"வேற கோப்பை இல்லையா?"

"ஒண்ணுதான் இருக்கு. அதான் குடுத்தேன்."

மூன்றாவது வீட்டிலும் அதேதான். அங்கே டீ குடித்தது தகர டப்பாவில். நாலாவது வீட்டில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, டப்பா ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

சுனில்தா அந்தப் படியிலேயே பெட்டியை இறக்கி வைத்தாள். நீலப் பூ போட்டது ஒன்று, பொன் விளிம்பு ஒன்று, 'தேர்தல் நினைவாக' என்று அழிந்துபோன எழுத்தோடு ஒன்று. இருபத்திரண்டில் ஒன்றுக்கொன்று ஜோடி கிடையாது. அந்தப் பெண் யாஸ்னா பார்த்தது பணக்கார மேஜையை அல்ல. இருபத்திரண்டு வீட்டின் கடைசிக் கோப்பையை.

"அடக் கழுதைகளா," என்று அவள் சத்தமாகவே சொன்னாள். தன்னையும் சேர்த்துத்தான். பிறகு கத்தினாள்: "எல்சிரா! எல்லாரையும் கூப்பிடு. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு நாலாம் ஜன்னல். அவங்கவங்க கோப்பைய அவங்கவங்க எடுத்துட்டு வரணும்."

மறுநாள் நகராட்சி மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் வரிசையாக நின்றார்கள், கையில் காலிக் கோப்பையோடு. காவல்காரர் டீ கொடுக்கிறார்கள் என்று நினைத்துத் தானும் வரிசையில் நின்றுகொண்டார்.

தோன் அரிஸ்திதெஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன இது?"

"புது ஆதாரம்," என்றாள் சுனில்தா. நிதியாவை முன்னால் தள்ளினாள்.

நிதியா கோப்பையை ஜன்னல் பலகையில் வைத்தாள். "இது என்னோடது. எங்கிட்ட இந்த ஒண்ணுதான் இருக்கு. சேன்யோரித்தா வந்தப்போ மேஜைல இருந்தது இதுதான்." தகவலை எழுதிய தாளை நீட்டினாள், பானை முத்திரையோடு.

"கோப்பைக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல, சேன்யோரா."

"பத்தாம் பக்கம், ஏழாம் இணைப்பு. 'ஏனைய ஆதாரங்கள்'. எத்தனைன்னு கணக்கு போடல. பதினோரு பக்கமும் எனக்கு மனப்பாடம், தோன் அரிஸ்திதெஸ். உங்களுக்கு?"

அவர் பத்தாம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். பெருமூச்சு விட்டு முதல் தாளில் தேதி குத்தினார். பிறகு இரண்டாவதில். பிறகு ஒரு தாளம் பிடித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு யாஸ்னா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அப்போது எல்சிராவின் முறை. எல்சிரா கோப்பையை வைத்ததோடு நிற்கவில்லை.

"எழுதிக்குங்க. கேக்குக்குப் போட்டது வியாழக்கிழம ரொட்டி மாவு. அந்த வியாழக்கிழம எழுபது பேருக்கும் ரொட்டி கிடையாது. ஹாம், கசாப்புக்காரர் வெட்டிப் போடற ஓரத்துண்டு. நல்ல பக்கம் மேல தெரியற மாதிரி நான்தான் அடுக்கினேன், அரைமணி நேரம் ஆச்சு. அவகாடோ பாதிரியார் வீட்டு மரத்துல விழுந்தது. பெயின்ட் மட்டும் சொந்தம், படகுக்கு வாங்கினது. இப்ப படகு இல்ல."

யாஸ்னாவின் முகம் சிவந்தது. "நான் அந்தக் கேக்ல மூணு துண்டு சாப்பிட்டேனே," என்றாள் மெதுவாக.

"நாலு," என்றாள் எல்சிரா. "நான்தானே வெச்சேன்."

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே, சேன்யோரா சுனில்தா."

"விருந்தாளி வாய்ல கேக் இருக்கறப்ப எப்படிம்மா சொல்றது?"

யாஸ்னா தாள்களை அங்கேயே நின்று படித்தாள், இருபத்திரண்டையும். கடைசித் தாள் முடிந்ததும் சொன்னாள்: "மறுபடி நேர்ல வந்து பாக்கணும். விதி அது. ஆனா இந்தத் தடவ எந்த நாள்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க," என்றாள் சுனில்தா. "சொன்னா எங்களால சும்மா இருக்க முடியாது."

அவள் வந்தது திங்கட்கிழமை, கொட்டும் மழையில். மதியம் ஒரு மணி. தகரத்துக்கு அடியில் புகை கீழே இறங்கி எல்லோர் கண்ணிலும் நீர். பானையில் பீன்ஸ் கொட்டையும் உடைத்துப் போட்ட நூடுல்ஸும். வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு நிற்பதை எல்சிராதான் முதலில் பார்த்தாள்.

"மாதாவே! அந்தப் பொண்ணு!" கரண்டி கையிலிருந்து நழுவியது. "வீட்டுல நாலு முட்டை இருக்கு, ஒரு பத்து நிமிஷம் குடு..."

சுனில்தா அவள் ஏப்ரன் நாடாவைப் பிடித்து இழுத்தாள். "நில்லு."

"விருந்தாளி, சுனில்தா!"

"இன்னிக்கு விருந்தாளி இல்ல. வரிசைல எழுபத்தோராவது ஆளு."

"ஒரு ரொட்டியாவது..."

"எல்சிரா, நீ நகந்தா உன் கையக் கட்டி வெச்சிருவேன்."

சொல்வது சுலபம். சுனில்தாவின் கண்ணும் ஒரு முறை அந்த நாலு முட்டைப் பக்கம் போய் வந்தது. மறைக்காத விறகு பக்கத்தில் குவிந்து கிடந்தது. மேஜைத் துணி இல்லை. யாஸ்னாவிடம் பாத்திரமும் இல்லை, அதனால் ஒரு சட்டி மூடியில் அவளுக்குப் பரிமாறினார்கள். தோன் வில்லிபால்தோ வழக்கமாக நொண்டும் அளவுக்குத்தான் நொண்டினார். அதற்கு அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

யாஸ்னா நின்றபடியே சாப்பிட்டாள், புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் தாமதமாக வந்த ஒருவர் பாத்திரத்துக்குப் பதில் ஒரு காலிக் கொழுப்பு டின்னை நீட்டினார். சுனில்தா பானையைச் சாய்த்துச் சுரண்டினாள். அரை டின் நிறைந்தது.

யாஸ்னா மூடியைக் காட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா, சேன்யோரா?"

அதை அவள் பசியில் கேட்டாளா, கடமைக்குக் கேட்டாளா என்று குன்றில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கொட்டகையில் எல்லோரும் சுனில்தாவைப் பார்த்தார்கள். அறுபத்தோரு வருடத்தில் தன் வாசலுக்கு வந்த ஒருவரிடமும் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. கடன்காரனிடம்கூட 'உக்காருங்க, டீ போடறேன்' என்றுதான் சொல்லியிருக்கிறாள். காது மடல் வரை சிவந்துபோய், பானையின் வாயை யாஸ்னா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இல்ல," என்றாள்.

எல்சிரா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். யாஸ்னா பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரே வரி எழுதினாள். பிறகு மூடியைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி நகராட்சிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பதினைந்து அமைப்புகள். பதினைந்தாவது விடாப்பிடிக்காரி. கேஸ் அடுப்பு, ஆறு பர்னர், புகைக்குழாய். கூடவே ஒரு நிபந்தனை. நகராட்சியின் பெயர்ப் பலகையைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பலகையை முதலில் அனுப்பிவிட்டார்கள், அது அடுப்பைவிடப் பெரியது.

அடுப்பு இருபத்தொன்பதாம் தேதிதான் வந்தது. பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டு, "எங்க வேலை ரோடு வரைக்கும்தான்," என்று கடைக்காரர்கள் கிளம்பினார்கள். சுனில்தா அடுப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். நூற்று எண்பது படியை ஒரு முறை பார்த்தாள். "இருபத்தாறு வருசம் மீன் பெட்டி தூக்கினோம். இதுல மீன் நாத்தம்கூட இல்ல. புடிங்கடி," என்றாள். எட்டுப் பெண்கள் பிடித்தார்கள். தோன் வில்லிபால்தோ முன்னால் நடந்து கட்டளை போட்டார். எழுபதாவது படியில், "மூச்ச அதுக்கு வீணாக்காத, பர்னரத் தூக்கு," என்று அவர் கையில் ஆறையும் கொடுத்தார்கள்.

முப்பதாம் தேதி பதினொரு மணிக்கு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார், பையில் சீல் அரக்கோடு. ஆறு பர்னரிலும் நீல நெருப்பு. புகைக்குழாய் வழியே ஆவி வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அரக்கு பைக்குள்ளேயே இருந்தது.

எல்சிரா மூலையில் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தாள். கண்ணால் கெஞ்சினாள். சுனில்தா இன்ஸ்பெக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவருக்கு வெக்கலாம்டி," என்றாள். "இவரு நம்ம கஷ்டத்தப் பாக்க வரல. அடுப்பத்தான் பாக்க வந்திருக்காரு."

இன்ஸ்பெக்டர் மூன்று துண்டு சாப்பிட்டார். எல்சிரா நாலு என்கிறாள்.